எட்டு வரி

“நாலு கட்டுரை கொடுத்தேன். நாலும் திரும்பி வந்துட்டு. ஒரு எழுத்தக்கூடத் திருத்தக் காணோம். நான் என்னதான் தப்புப் பண்ணினேன்?” என்று கேட்டார் சங்கரநயினார்.

நபீசா அச்சுக்குப் போக வேண்டிய தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“நல்லாத்தானே எழுதியிருக்கீங்க, அண்ணாச்சி.”

“அப்போ ஏன் போட மாட்டேங்குதிய?”

“உட்காருங்க.”

சங்கரநயினார் உட்கார்ந்தார்.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்து மூன்று.

முப்பது வருடம் கறுப்புக் கோட்டு போட்டுக் கோர்ட்டில் தொண்டை வறளப் பேசியவர் சீடர். அந்தத் துறைமுக ஊரில் வணிகச் சட்டத்துக்கென்றே ஒரு மாத இதழ் நடத்துகிறவர் குரு. சாதாரணக் கடைக்காரருக்கும் புரிகிற தமிழில் வணிகச் சட்டம் எழுத வேண்டும், கண்ணை மூடுவதற்குள் தன் பெயர் ஒரு புத்தகத்தின் அட்டையில் வர வேண்டும் என்பது சீடரின் ஆசை.

“எழுதச் சொல்லிக்கொடுங்கம்மா” என்று பத்து மாதத்துக்கு முன்பு வந்து நின்றார்.

நபீசா முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இப்படிப் பாதி பேசி மீதியை விழுங்குகிறவர்களைத்தான் ஊர் பெரிய ஞானி என்கிறது.

இப்போது அவர் பேனாவை மூடி வைத்தார்.

“உங்க நாலாவது கட்டுரைல எத்தனை தீர்ப்பு காட்டியிருக்கீங்க?”

“முப்பத்தொண்ணு.” குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“முழுசாப் படிச்சது எத்தனை?”

சங்கரநயினார் சிரித்துவிட்டார். “முழுசாவா? யாரும்மா முழுசாப் படிக்கா? ஹெட்நோட் படிச்சேன்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு தீர்ப்பு நாற்பது பக்கம், ஐம்பது பக்கம் ஓடும். அதை வெளியிடும் சட்ட இதழ், தீர்ப்பின் தலைமாட்டில் அதன் சாரத்தை எட்டுப் பத்து வரியில் சுருக்கிப் போடும். அதுதான் ஹெட்நோட். வக்கீல்கள் அதைப் படித்துவிட்டுக் கோர்ட்டுக்கு ஓடுவார்கள். நாற்பது பக்கத்தையும் படிக்கிறவர் ஒருவர்தான். ஹெட்நோட் எழுதுகிறவர்.

அவர் படித்திருப்பார் என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

“நானே அஞ்சு வருஷம் ஹெட்நோட் எழுதினவன்மா. என் ஹெட்நோட்டப் பார்த்து எத்தனை பேர் கேஸ் ஜெயிச்சிருக்கான்!”

“தெரியும், அண்ணாச்சி.”

“பின்ன என்ன?”

நபீசா பேனாவைத் திறந்தார். மறுபடி தாள்களை எடுத்துக்கொண்டார்.

“சனிக்கிழமை காலைல வாங்க. வாசல் மேசைல உட்காருங்க.”

*

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை காலையில் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். சட்ட இதழ் எதிலாவது வந்த ஒரு பக்கத்தைக் காட்டி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மேசையில் இருப்பவர் படித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். யோசனை சொல்லக் கூடாது.

நபீசாவின் இதழில் எழுத விரும்புகிறவர்கள் ஒரு சனிக்கிழமையாவது அங்கே உட்கார்ந்தாக வேண்டும். இதுவரை உட்கார்ந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் அப்புறம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. மூன்றாமவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலைக்குப் போய் நிம்மதியாக இருக்கிறார்.

சனிக்கிழமை சங்கரநயினார் வெள்ளைச் சட்டையில் கஞ்சி மொடமொடக்க வந்து உட்கார்ந்தார்.

முதலில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் வந்தார். எதிர்க் கடைக்காரன் தன் டப்பாவின் நிறத்தையே காப்பியடித்துவிட்டான், அதைப் பற்றி வந்த தீர்ப்பைப் படித்துக் காட்ட வேண்டும் என்றார்.

சங்கரநயினார் வணிகச் சின்னம் எங்கே பிறந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தார். நாற்பது நிமிடம் பேசினார்.

மிட்டாய்க் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், மஞ்சளுக்கு என்ன சொல்லியிருக்கு?” என்றார்.

உள்ளேயிருந்து நபீசாவின் குரல் வந்தது.

“படிச்சு மட்டும் காட்டுங்க, அண்ணாச்சி.”

சங்கரநயினாரின் முகம் சுண்டிப்போனது. படித்துக் காட்டினார். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கடைக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவள் ஜெனோவா.

முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கறுப்புச் சேலை. ஒரு கையில் புடைத்த கட்டைப்பை. இன்னொரு கையில் நாலாக மடித்த ஜெராக்ஸ் தாள்.

“இத எழுதினவங்களப் பார்க்கணும்,” என்றாள்.

“உட்காரும்மா. என்ன விஷயம்?”

“எங்க வள்ளக்காரர் சங்கத்துல அறுபது லைஃப் ஜாக்கெட் வாங்கினோம் சார். ரெண்டு மாசம் ஆகுது. மழைல நனைஞ்ச ஒண்ணு கல்லு மாதிரி கனத்துட்டு. திருப்பி எடுத்துக்கன்னு கடைக்காரர்ட்டக் கொண்டு போனாங்க. பில்லத் திருப்பிக் காட்டினாராம். மூணு நாளைக்குள்ள குறையச் சொல்லணும்னு பின்னாடி போட்டிருக்கு.”

“சரி.”

“சங்கத்துல வக்கீல்ட்டப் போனாங்க. அவர் இந்தத் தாளக் கொடுத்து, சட்டமே அப்படித்தான், கேஸ் நிக்காதுன்னுட்டார். இத யார் எழுதினதுன்னு கேட்டேன். ஏதோ பத்திரிகைக்காரங்கன்னார். அவர் மேசைல உங்க மாசப் புத்தகம் கிடந்துச்சு. அதுல விலாசம் பார்த்து வந்தேன்.”

சங்கரநயினார் தாளைப் பிரித்தார். அது இந்த இதழில் வந்ததல்ல. வேறோர் ஊரில் நடந்து, இப்போது நின்றுபோன ஓர் இதழ். மேலே தமிழில் ஹெட்நோட், அதன் கீழே தீர்ப்பின் முதல் பத்தி ஆங்கிலத்தில்.

கனைத்துக்கொண்டு படித்தார்.

“பொருளில் குறை இருப்பின் மூன்று நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ரசீதின் பின்புறம் அச்சிடப்பட்டிருந்தால், அந்த நிபந்தனையை வாங்கியவர் ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார். கெடு கடந்தபின் பொருளைத் திருப்பித் தரவோ, வேறு எந்தப் பரிகாரமும் கோரவோ அவருக்கு உரிமை இல்லை எனத் தீர்மானிக்கப்பட்டது. மேல்முறையீடு தள்ளுபடி.”

படிக்கும்போதே அவர் முகம் மலர்ந்தது. இந்த நடை அவருக்குத் தெரியும். ‘ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார்’ என்று அந்த ஊரில் வேறு யாருக்கும் எழுத வராது.

“அட! இது நான் எழுதினதுல்லா!”

ஜெனோவா நிமிர்ந்து பார்த்தாள். “நீங்களா?”

“நான்தாம்மா. பதினோரு வருஷம் ஆச்சு. பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு. எட்டே வரி. ஒரு சொல்லு கூடுதலா இருக்கா?”

“இல்ல சார்.”

“கெடு கடந்துட்டா உரிமை இல்ல. முடிஞ்சுபோச்சு.”

ஜெனோவா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. ரொம்ப நாள் தேடிய வீட்டைக் கண்டுபிடித்து, கதவு திறந்ததும் என்ன கேட்பதென்று தெரியாமல் நிற்கிறவர்களின் பார்வை.

பிறகு கேட்டாள்.

“கொஞ்சம் ஆழமா தண்ணி இருக்குமா, சார்?”

*

நபீசா எழுந்து வந்திருந்தார். கொல்லைப் பக்கம் கூட்டிப் போனார். அங்கே நீல நிற டிரம் ஒன்றில் கழுத்து வரைக்கும் தண்ணீர் இருந்தது.

ஜெனோவா பையிலிருந்து ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

மிதந்தது.

“மிதக்குதே!” என்றார் சங்கரநயினார்.

“இருங்க.”

மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜாக்கெட்டின் ஓரங்கள் கறுத்தன. தோள்பட்டைப் பக்கம் முதலில் சாய்ந்தது. நூறு எண்ணி முடிப்பதற்குள் ஒரு குமிழி விட்டது. அப்புறம் சத்தமில்லாமல் உள்ளே போய், டிரம்மின் அடியில் உட்கார்ந்துவிட்டது.

“உள்ள மெத்தைப் பஞ்சு அடைச்சிருக்கான்,” என்றாள் ஜெனோவா. “சும்மா வெச்சிருந்தா தெரியாது. தண்ணில போட்டாத்தான் தெரியும்.”

“திருப்பி எடுக்கலன்னா தூக்கிப் போட வேண்டியதுதானே? ஏன் வெச்சிருக்கணும்?” என்று கேட்டார் சங்கரநயினார்.

“ஜாக்கெட் இல்லாம வள்ளத்துல ஏறக் கூடாதுன்னு சங்கத்து விதி சார். வேற வாங்கவும் வழியில்ல. சட்டமே திருப்ப முடியாதுன்னு சொல்லும்போது என்ன செய்ய? எல்லாரும் அதையே மாட்டிட்டுப் போனாங்க. என் தம்பி பிரிட்டோவும் மாட்டிட்டுப் போனான்.”

சங்கரநயினாருக்கு அப்போதுதான் கறுப்புச் சேலை கண்ணில் பட்டது.

“நல்லா நீந்துவான் சார். ஜாக்கெட்டக் கழட்டியிருந்தா கரைக்கு வந்திருப்பான். அது காப்பாத்தும்னு நெனச்சுக் கழட்டல.”

டிரம்மின் அடியில் கிடந்த ஜாக்கெட்டை ஜெனோவா எட்டிப் பார்த்தாள்.

“மூணு நாளைக்குள்ள என் தம்பி கடல்ல விழல, சார்.”

சங்கரநயினார் கோர்ட்டில் எத்தனையோ அழுகையைக் கேட்டவர். ஆனால் இவள் அழவில்லை. அதுதான் அவரைப் போட்டு உலுக்கியது.

“இன்னைக்கு நாலு மணிக்குக் கடைக்காரர் சங்கத்துக்கு வாரார்,” என்றாள் அவள். “புதுசா பத்து ஜாக்கெட் சும்மா தாரேன், மத்ததப் பத்தி இனி எந்தப் புகாரும் இல்லன்னு கையெழுத்துப் போடுங்கன்னு சொல்லியிருக்கார். போட்டிருங்கன்னு வக்கீலும் சொல்லிட்டார். கையெழுத்துப் போட்டுட்டா மிச்சப் பேரு அதையேதான் மாட்டிட்டுப் போகணும். அதுக்கு முன்னாடி எழுதினவங்க வாயால ஒருக்காக் கேட்டுரணும்னு வந்தேன்.”

“என்ன கேட்கணும்?”

“நெசமாவே சட்டம் இப்படித்தானா?”

சங்கரநயினார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“ஜட்ஜ் சொல்லிட்டாரேம்மா. நான் சுருக்கி எழுதினவன். அவ்வளவுதான். நான் என்ன செய்ய முடியும்?”

“ஜட்ஜ் சொன்னாரா?” என்று கேட்டார் நபீசா.

*

வாசல் மேசையில் ஒரு தடித்த பைண்டு புத்தகம் வந்து உட்கார்ந்தது. நின்றுபோன அந்த இதழின் பதினோரு வருடத்துக்கு முந்தைய தொகுதி. நடுநடுவே காகிதத் துண்டுகள் சொருகியிருந்தன. நபீசா முதல் துண்டு இருந்த இடத்தில் பிரித்து வைத்தார்.

“நாப்பத்திரண்டு பக்கம். இந்தப் பிள்ளைக்கு முழுசாப் படிச்சுக் காட்டுங்க.”

“முழுசாவா?”

“முழுசா.”

சங்கரநயினார் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பத்தியாகப் படித்துத் தமிழில் சொன்னார். நல்ல குரல் அவருக்கு. வழக்கு விதைக் கடலை பற்றியது. ஒரு விவசாயி கடையில் விதை வாங்குகிறார். விதைக்கிறார். முளைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கடைக்குப் போகிறார். கடைக்காரர் ரசீதைத் திருப்பிக் காட்டுகிறார். மூன்று நாள்.

“எங்க கதையேதான்,” என்றாள் ஜெனோவா.

பதினேழாம் பக்கத்தில் அந்த வாசகம் வந்தது. ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார். கெடு கடந்தபின் உரிமை இல்லை.

“பார்த்தியாம்மா? இங்கதான் இருக்கு. ஜட்ஜே சொல்லுதார்,” என்றார் சங்கரநயினார். குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

“மேல படிங்க,” என்றார் நபீசா.

பதினெட்டு. பத்தொன்பது. இருபத்தொன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் அவர் குரல் நின்றது.

“என்ன சார்?”

அவர் அந்த வரியை மனதுக்குள் மறுபடி படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார்.

“‘இதுவரை விற்பனையாளர் தரப்பு வழக்கறிஞரின் வாதங்களைத் தொகுத்துக் கூறினேன்.’”

“அப்படின்னா?”

“அப்படின்னா...” சங்கரநயினார் தண்ணீர் குடித்தார். “அப்படின்னா இவ்வளவு நேரம் பேசினது ஜட்ஜ் இல்ல. கடைக்காரரோட வக்கீல்.”

“அப்ப ஜட்ஜ் என்ன சொன்னார்?”

அவர் பக்கங்களைத் தள்ளினார். முப்பத்து மூன்றாம் பக்கம்.

“‘இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கடலை விதை முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மூன்று நாளில் குறையைச் சொல் என்பது, குறையே சொல்லாதே என்பதற்குச் சமம். குறை எப்போது தெரியவருமோ, அதிலிருந்துதான் காலத்தைக் கணக்கிட வேண்டும்.’”

கடைசிப் பக்கத்தில் இரண்டே சொல். மேல்முறையீடு தள்ளுபடி.

மேல்முறையீடு செய்தது யார் என்று அவர் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். விவசாயி இல்லை. கடைக்காரர்.

விவசாயி கீழ்க்கோர்ட்டிலேயே ஜெயித்திருந்தார். மேலேயும் ஜெயித்திருந்தார். எட்டு வரியில் தோற்றிருந்தார்.

சங்கரநயினாருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும் என்று பதினெட்டுத் தீர்ப்பு கட்டி அனுப்பியிருந்தார்கள். இருபது பக்கம் படித்தார். கடைசி வரியைப் பார்த்தார். தள்ளுபடி என்று இருந்தது. விவசாயிதானே மேல்கோர்ட்டுக்குப் போயிருப்பான், வேறு யார் போவார் என்று நினைத்துக்கொண்டார். எழுதிவிட்டார். அன்று சாயங்காலம் குடும்பத்தோடு சினிமாவுக்குப் போனதுகூட நினைவிருந்தது.

தன்னை நினைக்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

“நான் எழுதினது தப்பு,” என்றார். “நேர்மாறா எழுதிட்டேன்.”

ஜெனோவா சட்டென்று எழுந்தாள்.

“அப்ப எங்களுக்குச் சட்டம் இருக்கா, சார்?”

“இருக்கும்மா! இருக்கு! இந்தப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து வக்கீல் மூஞ்சில வீசு. நபீசாம்மா, அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுருவோம். என் பேர் போட்டே போடுங்க. நான் மறைக்க மாட்டேன்.”

நபீசா இரண்டாவது காகிதத் துண்டை எடுத்தார். அதில் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதியிருந்தது.

“என்ன இது?”

“உங்க ஹெட்நோட்டுக்கு அப்புறம் வந்தது. படிங்க.”

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு கீழ்க்கோர்ட்டு. உர மூட்டை வழக்கு. மூன்று நாள் கெடு செல்லும். அதற்குக் காட்டிய ஆதாரம் விதைக் கடலைத் தீர்ப்பு. பக்க எண், முதல் பக்கம்.

ஏழு வருடத்துக்கு முன் இன்னொரு கோர்ட்டு. தையல் மெஷின் வழக்கு. ஆதாரம் விதைக் கடலைத் தீர்ப்பு, உர மூட்டைத் தீர்ப்பு. பக்க எண், முதல் பக்கம்.

இப்படி ஆறு. ஏழாவது, நாலு வருடத்துக்கு முன், பெரிய கோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் சேர்ந்து சொன்னது. ஒரே வரி. ‘மூன்று நாள் கெடு செல்லும் என்பது இந்நாளில் நிலைபெற்ற சட்டம்.’

சங்கரநயினார் பட்டியலை இரண்டு முறை பார்த்தார். ஒருவரும் பதினேழாம் பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. ஒருவரும் ஹெட்நோட் இருந்த முதல் பக்கத்தையே தாண்டவில்லை.

“இது தப்பு! எல்லாம் தப்பு!” என்று கத்தினார்.

“தப்பாத்தான் இருந்துச்சு, அண்ணாச்சி. நாலு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும்.”

“இப்ப?”

“இப்ப அதுதான் சட்டம். நீங்க எழுதினதுதான் சரி. அந்த ஜட்ஜ் எழுதின நாப்பத்திரண்டு பக்கம்தான் தப்பு.”

சங்கரநயினார் அந்தப் பைண்டு புத்தகத்தைப் பார்த்தார். ஒரு மனுஷன் நாற்பத்திரண்டு பக்கம் உட்கார்ந்து யோசித்து நியாயம் எழுதியிருக்கிறான். அதை எட்டு வரியில் இவர் கொன்றுவிட்டார். கொன்றது தெரியாமல் சினிமாவுக்குப் போனார். கொன்றது தெரியாமல், கொஞ்ச நேரத்துக்கு முன்புகூட, எவ்வளவு தெளிவா இருக்கு பாரு என்று அக்காக்காரியிடமே பெருமை பேசினார்.

“உங்க நாலாவது கட்டுரைலயும் இந்தப் பெரிய கோர்ட்டுத் தீர்ப்பு இருக்கு,” என்றார் நபீசா. “நிலைபெற்ற சட்டம்னு எழுதியிருக்கீங்க.”

ஜெனோவா மெல்ல உட்கார்ந்தாள்.

“எனக்குப் புரியல. இருக்குன்னிய. இப்ப இல்லங்கிய. நாலு மணிக்கு எங்க ஆளுங்ககிட்ட நான் என்ன சொல்ல?”

சங்கரநயினார் நபீசாவைப் பார்த்தார். நபீசா ஜன்னலைப் பார்த்தார். வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

சங்கரநயினார் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அந்த ரெண்டு நீதிபதிங்களும் எத நம்பினாங்க? அந்த ஆறு தீர்ப்ப. ஆறும் எத நம்பிச்சு? என் எட்டு வரிய. எழுதினவனே வந்து நான் படிக்காம எழுதினேன்னு சத்தியம் பண்ணிச் சொன்னா, மறுபடி பாருங்கன்னு கேட்க வழி இருக்கு. ஜெயிக்குமான்னு தெரியாது. ஆனா இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுட்டா அந்த வழியும் அடைஞ்சுரும்.”

“சொன்னா உங்க பேர் போயிடும், அண்ணாச்சி,” என்றார் நபீசா.

“தெரியும்.”

“புத்தகம் ஒருத்தரும் போட மாட்டாங்க.”

“அது தெரியாமலா இருக்கேன்?” என்று எரிந்து விழுந்தார். “ஒரு தாளக் கொடுங்கம்மா.”

எழுதினார். ‘கருதப்படுகிறது’ என்று ஓரிடத்தில் தொடங்கி, அடித்தார். மறுபடி எழுதினார். முடித்துவிட்டு ஜெனோவாவுக்குப் படித்துக் காட்டினார்.

“பதினோரு வருடத்துக்கு முன்பு விதைக் கடலைத் தீர்ப்புக்கு ஹெட்நோட் எழுதியவன் நான். இருபது பக்கம்தான் படித்தேன். தோற்றவரின் வக்கீல் சொன்னதை நீதிபதி சொன்னதாக எழுதிவிட்டேன். நீதிபதி சொன்னது அதற்கு நேர் எதிர். அதை நம்பி ஒரு பையன் செத்துப்போனான். சங்கரநயினார், வழக்கறிஞர்.”

“புரியுதாம்மா?”

“புரியுது சார்.”

“நாலு மணிக்கு நானும் வாரேன். உங்க ஆளுங்க முன்னாடி நின்னு நானே படிக்கேன்.”

நபீசா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். கீழே பென்சிலால், ‘அடுத்த இதழ், முதல் பக்கம்’ என்று குறித்தார். பத்து மாதத்தில் அவர் சீடரிடமிருந்து ஏற்றுக்கொண்ட முதல் எழுத்து அதுதான்.

இந்த மாதிரிக் கதைகள் சாதாரணமாக இங்கே முடிந்துவிடும். சீடர் குருவைக் கும்பிடுவார். குரு புன்னகைப்பார்.

சங்கரநயினார் கும்பிடவும் செய்தார். நபீசா புன்னகைக்கவும் செய்தார்.

ஜெனோவா மட்டும் அந்தப் பைண்டு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொருகியிருந்த காகிதத் துண்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். அதன் வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் தூசி படிந்திருந்தது. விரலில் ஒட்டியது.

“இதெல்லாம் நீங்க சொருகி வெச்சதாம்மா?”

“ஆமா,” என்றார் நபீசா.

“எப்போ?”

“அண்ணாச்சியோட நாலாவது கட்டுரை வந்தப்போ. அதுல இருந்த ஒரு வரி இடிச்சுச்சு. எங்க ஆரம்பிச்சதுன்னு தேடிப் பார்த்தேன். ரெண்டு நாள்ல தெரிஞ்சுபோச்சு.”

“அது எப்போ?”

“நாப்பது நாள் இருக்கும்.”

ஜெனோவா விரல்களை மடக்கினாள். மறுபடி விரித்து மடக்கினாள்.

“என் தம்பி போயி இருபத்தாறு நாள் ஆகுது.”

நபீசாவின் புன்னகை முகத்திலேயே நின்றுவிட்டது. அதை எடுக்க அவருக்குத் தெரியவில்லை.

“அதுக்கு நடுவுல உங்க மாசப் புத்தகம் ஒண்ணு வெளிவந்துச்சே,” என்றாள் ஜெனோவா. “எங்க வக்கீல் மேசைல கிடந்துச்சே. அதுல இது ஏன் இல்ல?”

சங்கரநயினார் குருவின் முகத்தைப் பார்த்தார். பத்து மாதமாக அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் அந்த முகம் இப்படி வெளுத்ததில்லை. அவருக்குப் பயமாக இருந்தது.

“சொல்லுங்கம்மா. தெரிஞ்சும் ஏன் சொல்லல?” என்றாள் ஜெனோவா.

நபீசா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவராவே கண்டுபிடிக்கட்டும்னு விட்டு வெச்சேன்.”